இரவு நீளும் வயதில் ஒரு பொய்த் துணை

நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய ஒரு தாயிடம் சென்று, "நலமாக இருக்கின்றீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். "அல்ஹம்துலில்லாஹ்" என்ற விடைதான் வரும். இறைவனுக்கு நன்றி கூறும் அச்சொல்லில் குறை காண்பதற்கில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லோடு உரையாடல் முடிந்து விடுவதால், அவர் மூன்று மாதங்களாக இரவில் சரியாக உறங்கவில்லை என்பதும், திடீரென்று முகமும் மார்பும் தீப்பற்றியது போல் எரிந்து வேர்த்துக் கொட்டுகின்றன என்பதும், காரணமின்றி அழுகை வருகின்றது என்பதும் வீட்டில் எவருக்கும் தெரியாமலே போய்விடுகின்றன. அந்த இரவுகளைக் கடப்பதற்காக அவர் ஏதேனும் ஒன்றைக் கைக்கொண்டிருந்தால், அதுவும் தெரியாமல் போய்விடுகின்றது.

அந்த 'ஏதேனும் ஒன்று' பல வீடுகளில் வெற்றிலையோடு சேரும் புகையிலையாக இருக்கும். சில வீடுகளில் மருந்துக் கடையில் சீட்டின்றி வாங்கிய தூக்க மாத்திரையாக இருக்கும். மிகச் சில வீடுகளில் கஞ்சாவாக இருக்கும். அந்த மூன்றாவதைப் பற்றியே இங்கு எழுத எண்ணுகின்றேன். முஸ்லிம் இல்லங்களில் படிக்கப்படும் ஏட்டில் இது எதற்கு என்று முகம் சுளிப்போர் இருக்கலாம். மத்திய சமூக நீதி அமைச்சகத்திற்காகத் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் நடத்திய நாடளாவிய ஆய்வு 2019-இல் வெளிவந்தது. 10 வயது முதல் 75 வயது வரையுள்ள இந்தியர்களில் 2.8 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 3 கோடியே 10 இலட்சம் பேர், ஓராண்டுக்குள் கஞ்சா, சரஸ், பாங்கு ஆகியவற்றுள் ஒன்றைப் பயன்படுத்தியவர்கள் என்று அது கூறியது. அவர்களுள் 72 இலட்சம் பேருக்கு உதவி தேவைப்படுகின்றது என்றும் கணக்கிட்டது. இவர்களில் பெண்கள் மிகக் குறைவு. குறைவாக இருப்பதனாலேயே அவர்களை எவரும் கணக்கில் கொள்வதில்லை. குடிக்கும் ஆணை ஊர் அறியும். திட்டும், திருத்தவும் முயலும். கதவைச் சாத்திக்கொண்டு புகைக்கும் பெண்ணைத் திட்டுவதற்குக்கூட ஆளில்லை.

காஞ்சிபுரம் மாவட்டத்தில், வாலாஜாபாத்துக்கு அருகேயுள்ள தென்னேரியை எடுத்துக்கொள்வோம். ஊருக்குப் பெயர் தந்ததே அதன் பேரேரிதான். தொண்டைமான் இளந்திரையன் பெயரால் திரையனேரி என்று வழங்கியது, பின்னர் தென்னேரியாயிற்று என்பர். வடகிழக்குப் பருவமழை பெய்து ஏரி நிறைந்தால் அவ்வட்டாரத்தில் நெல்லுக்குக் குறைவிராது. பக்கத்து வாலாஜாபாத்தோ ஆர்க்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய ஊர். இந்தப் பகுதியின் வாழ்க்கை கடந்த முப்பது ஆண்டுகளில் தலைகீழாக மாறிவிட்டது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம் என்று தொழிற்சாலைகள் வரிசையாக எழுந்தன. வயலுக்குச் சென்ற கால்கள் நிறுவனப் பேருந்துகளில் ஏறின. பிள்ளைகள் இரவு முறை, பகல் முறை என்று மாறி மாறி வேலைக்குச் செல்கின்றனர். கணவர் தம்மாமிலோ துபாயிலோ இருந்தால் இரண்டாண்டுக்கு ஒரு முறை விடுப்பு. மகளை மணம் முடித்து அனுப்பியாயிற்று. மாமியாரும் மாமனாரும் இருந்தவரை அடுப்பும் கவனிப்புமாக ஓடிய நாள்கள், அவர்கள் மறைந்த பின் திடீரென்று வெறுமையாகி நிற்கின்றன. வீட்டின் கடைசி விருந்தாளியும் போன பின்பு, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அமரும்போதுதான் அந்தத் தாய் தமக்கென்று இருக்கும் உடலைக் கவனிக்கின்றார். அந்த உடல் அப்போதுதான் மாறிக்கொண்டிருக்கின்றது.

இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் முற்றிலும் நின்றுபோவது சராசரியாக 46, 47 வயதளவில். மேலை நாட்டுப் பெண்களைவிட நான்கைந்து ஆண்டுகள் முன்னதாகவே. நிற்பதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே சினைப்பையின் ஈஸ்ட்ரோஜென் சுரப்பு ஏறியும் இறங்கியும் தடுமாறத் தொடங்குகின்றது. உடல் வெப்பத்தைச் சீராக வைத்திருக்கும் மூளைப் பகுதி, சிறு வேறுபாட்டையும் பெருவெப்பமாகக் கருதித் தோலின் இரத்தக் குழாய்களை விரித்து வியர்வையைக் கொட்டச் செய்கின்றது. இதனைத்தான் நம் பெண்கள் 'அனல் அடிக்கிறது' என்பார்கள். ஒவ்வோர் அலையும் சில நிமிடங்களே நீடிக்கும். ஆனால் இரவில் மூன்று நான்கு முறை வந்தால் உறக்கம் குலைந்துவிடும். இது எத்தனை நாளைக்கு? அமெரிக்காவில் நீண்ட காலம் பெண்களைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு, அனல் அலைகள் நடுவண் அளவாக 7.4 ஆண்டுகள் நீடித்ததாக 2015-இல் தெரிவித்தது. ஏழாண்டு! "ஆறு மாதத்தில் சரியாகிவிடும், பொறுத்துக்கொள்" என்று கூறும் பெரியவர்களுக்கு இந்தக் கணக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

கஞ்சா இந்த இடத்தில் எப்படி நுழைகின்றது? கணவனோ மகனோ வைத்திருந்த பொட்டலம் ஒரு வழி. மூட்டு வலிக்கும் உறக்கத்திற்கும் என்று கைமாறும் பெயரில்லாத லேகியம் மற்றொரு வழி. அதில் என்ன கலந்திருக்கின்றது என்று கேட்பதை மரியாதைக் குறைவு என்று எண்ணும் வழக்கம் நம்மிடம் உண்டு. மூன்றாவது வழி புதியது. கனடா 2018 அக்டோபரில் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கியது. அமெரிக்க மாநிலங்கள் பலவும் அவ்வாறே செய்தன. மகளின் பேறுகாலத்திற்கு உதவியாக அங்குச் செல்லும் தாய்மார்கள், அந்நாட்டுக் கடைகளில் அது மிட்டாய் வடிவில் விற்கப்படுவதைக் காண்கின்றனர். 'இங்கே மருந்தாகவே தருகின்றார்கள்' என்ற சொல்லும் காதில் விழுகின்றது.

மருந்துதானா? மாதவிடாய் நிற்கும் பருவத்துப் பெண்கள் சிலர் உறக்கத்திற்கும் மனச்சோர்விற்கும் கஞ்சாவை நாடுவதை அமெரிக்க ஆய்வொன்று 2022-இல் பதிவு செய்தது உண்மை. நாடுகின்றார்கள் என்பது வேறு, பயனளிக்கின்றது என்பது வேறு. வட அமெரிக்காவின் மாதவிடாய் நிறுத்த மருத்துவச் சங்கம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டு அறிக்கையில், அனல் அலைகளுக்கு ஹார்மோன் அல்லாத சிகிச்சைகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, கஞ்சா வகைப் பொருள்களைப் பரிந்துரைக்க இயலாது என்று தெளிவாகவே கூறிவிட்டது. தொடக்கத்தில் உறக்கம் தருவது போல் இருக்கும். நாளடைவில் உடல் அதற்குப் பழகிவிடும், அளவு கூடும், பின்னர் அது இல்லாமல் உறக்கமே வராது. நம் நாட்டில் கஞ்சாவைப் புகையிலையோடு கலந்து புகைப்பவர் பலர். புகைபிடிக்கும் பெண்களுக்கு மாதவிடாய் ஓரிரு ஆண்டுகள் முன்னதாகவே நின்றுவிடுகின்றது என்பதும், எலும்புத் தேய்வு விரைகின்றது என்பதும் மருத்துவ உலகம் நெடுங்காலமாக அறிந்தவை.

இரண்டு கடிகாரங்கள்

விட்டுவிட வேண்டும் என்று உறுதி கொண்ட ஒரு பெண் எந்த இடத்தில் சறுக்குகின்றார் என்பதே இப்பொருளில் மிக முக்கியமானது. எவரும் எடுத்துச் சொல்லாததும் அதுவே.

நாள்தோறும் கஞ்சா பயன்படுத்தியவர் அதனை நிறுத்தினால், ஒன்று முதல் மூன்று நாள்களுக்குள் உடலும் மனமும் எதிர்க்கத் தொடங்கும். எரிச்சல், பதற்றம், உறக்கமின்மை, விசித்திரமான கனவுகள், பசியின்மை, மனச்சோர்வு, வியர்வை, குளிர் நடுக்கம், தலைவலி ஆகியவை வரும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டு நூலில் இவை தனியொரு நிலையாக ஏற்கப்பட்டன. முதல் வாரத்தில் இவை உச்சத்தை அடையும். இரண்டு வாரங்களில் பெரும்பாலானவை தணியும். உறக்கக் குறைவும் கனவுகளும் மட்டும் ஒரு மாதமோ அதற்குச் சற்று மேலோ இழுக்கலாம்.

இப்பட்டியலை மாதவிடாய் நிற்கும் பருவத்தின் தொல்லைகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வியர்வை, உறக்கமின்மை, எரிச்சல், அழுகை, பதற்றம் ஆகியவை இரண்டிலும் உண்டு. இருபது வயது இளைஞன் கஞ்சாவை நிறுத்தினால், நான்காவது வாரத்தில் தெளிந்துவிட்டதை அவனே உணர்வான். நாற்பத்தெட்டு வயதுத் தாய் நிறுத்தினால், நான்காவது வாரத்திலும் நள்ளிரவில் வேர்த்து நனைந்து எழுகின்றார். "ஒரு மாதமாகியும் தீரவில்லையே, இது என்னை விடாது போலும்" என்று எண்ணுகின்றார். உண்மையில் கஞ்சா அவரை விட்டுப் போயிருக்கும். எஞ்சி நிற்பது ஏழாண்டுக் கணக்குடைய மற்றொன்று. ஒன்று வாரங்களில் ஓடும் கடிகாரம். மற்றது ஆண்டுகளில் ஓடுவது. இரண்டையும் ஒன்றென்று கருதிவிட்டால், வென்ற போரைத் தோற்றதாக எண்ணி மீண்டும் அப்பொட்டலத்தைத் தேடிச் செல்ல நேரிடும்.

எனவே, நிறுத்தும் நாளிலிருந்து ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்வது நல்லது. எத்தனை மணிக்கு விழிப்பு வந்தது, அனல் சில நிமிடங்களில் அடங்கியதா அல்லது நாள் முழுதும் அமைதியின்மை இருந்ததா, பசி திரும்பியதா, கனவுகள் குறைந்தனவா என்று ஒவ்வொரு நாளும் இரண்டு வரி எழுதினால் போதும். முப்பதாம் நாள் திருப்பிப் பார்த்தால், எது போய்விட்டது, எது இன்னும் இருக்கின்றது என்பது கண்முன் தெரியும். இருப்பதற்குத் தனி மருத்துவம் உண்டு. ஹார்மோன் சிகிச்சையை அறுபது வயதுக்குள், மாதவிடாய் நின்ற பத்தாண்டுக்குள் தொடங்கினால் பலருக்கும் நன்மையே மிகுதி. மார்பகப் புற்றுநோயோ இரத்தக் கட்டோ வந்தவர்களுக்கு அது ஆகாது. அவர்களுக்கு ஹார்மோன் அல்லாத மருந்துகள் இருக்கின்றன. எது பொருந்தும் என்பதை மகளிர் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

கஞ்சாவை ஒரே நாளில் நிறுத்தினாலும் உயிருக்கு ஆபத்து நேர்வதில்லை. நெடுநாள் உண்ட தூக்க மாத்திரை அப்படியன்று. அல்பிரசோலம், டயஸிபாம் போன்றவற்றைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். அவற்றை மருத்துவர் துணையோடு படிப்படியாகவே குறைக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தியவர்கள் இதனை மறந்துவிடலாகாது.

மார்க்கம் காட்டும் கனிவு

போதை தரும் அனைத்தும் விலக்கப்பட்டவை என்பதில் நம்மிடையே கருத்து வேறுபாடு இல்லை. கஞ்சா திராட்சைச் சாறும் அன்று, பேரீச்சை மதுவும் அன்று என்று வாதிட்டவர்கள் இடைக்காலத்திலேயே இருந்தனர். அவர்களுக்கு இமாம் இப்னு தைமிய்யாவும், அவருக்குப் பின் வந்த ஷாஃபிஈ அறிஞர் ஸர்கஷியும் விரிவாகவே மறுப்பு எழுதினர். அறிவை மறைப்பதும் உடலைத் தளர்த்தி மயக்குவதும் எதுவாயினும் தடைக்குள் வரும் என்பதற்கு அறிஞர்கள் எடுத்துக்காட்டும் நபிமொழி அபூதாவூதில் உள்ளது. அதனை அறிவித்தவர் அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள் என்பது நம் தாய்மார்கள் பலரும் கவனித்திராத செய்தி. இளம் பிள்ளைகளோடு கணவரை இழந்து, துயரத்தின் ஆழத்தைக் கண்டவர் அவர்.

தடையைச் சொல்லும் நாம் வாசலையும் காட்ட வேண்டும். மது அருந்தியவரின் தொழுகை நாற்பது நாள்கள் ஏற்கப்படுவதில்லை என்ற ஹதீஸைக் கேள்விப்பட்டு, "ஏற்கப்படாததைத் தொழுது என்ன பயன்?" என்று தொழுகையையே விட்டுவிடும் பெண்கள் இருக்கின்றனர். அது பெரும் பிழை. தொழுகையின் நற்கூலி தவறிப்போவதை அந்த ஹதீஸ் குறிக்கின்றதே ஒழிய, தொழ வேண்டிய கடமை நீங்கிவிட்டதாகக் கூறவில்லை என்றும், தவ்பா செய்தவருக்குக் கதவு திறந்தே இருக்கின்றது என்றும் ஹதீஸ் விரிவுரையாளர்கள் விளக்கியுள்ளனர்.

இதே வயதில் தொழுகையைக் குலைக்கும் மற்றொன்றும் உண்டு. மாதவிடாய் ஒழுங்கு தவறி, இருபது நாள், இருபத்தைந்து நாள் என்று உதிரம் நீடிக்கும்போது, "இன்னும் சுத்தமாகவில்லை" என்று தொழாமலே இருந்து விடுகின்றனர். ஷாஃபிஈ மத்ஹபில் ஹைளின் உச்ச அளவு பதினைந்து நாள். ஹனஃபி மத்ஹபில் பத்து நாள். அதற்கு மேற்பட்டது இஸ்திஹாளா. அந்நிலையிலுள்ள பெண் முறைப்படி சுத்தம் செய்து, ஒவ்வொரு கடமையான தொழுகை நேரத்துக்கும் உளூச் செய்து தொழ வேண்டும். நோன்பும் நோற்க வேண்டும். தம் முந்தைய வழக்கத்தைக் கணக்கிடும் முறையை அருகிலுள்ள ஆலிமாவிடம் கேட்டுக்கொள்ளலாம். தனிமையில் உழலும் ஒரு பெண்ணுக்கு ஐந்து வேளையும் எழுந்து நிற்க ஒரு காரணம் இருப்பது சிறிய செய்தியா? அதனை ஒரு கணக்குப் பிழையால் இழக்கலாமா? இன்னொன்று, மாதவிடாய் நின்று ஓராண்டு முழுதும் கழிந்த பின் மீண்டும் ஒரு துளி உதிரம் கண்டாலும் நாள் கடத்தாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கருப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளமாக அது இருக்கக்கூடும். காஞ்சிபுரம் காரைப்பேட்டையில் அரசின் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை இருப்பது இவ்வட்டாரத்தினருக்குப் பெரும் வாய்ப்பு.

ரமளானைக் கொண்டு கஞ்சாவை விட்டுவிடலாம் என்று எண்ணுவோருக்கு ஒரு கருத்து. நோக்கம் உயர்ந்தது, நாள் குறிப்பதில்தான் கவனம் வேண்டும். முதல் வாரத்தின் பதற்றமும் பசியின்மையும், முதல் நோன்புகளின் களைப்பும், மாதவிடாய்ப் பருவத்து வியர்வையும் ஒன்றாக வந்து மோதினால் தாங்குவது கடினம். ஷஃபான் தொடக்கத்திலேயே நிறுத்திவிட்டால், பிறை காணும்போது உச்சம் கடந்திருக்கும்.

அச்சம் தேவையில்லாத இடம்

மருத்துவமனைக்குச் சென்றால் காவல் துறைக்குச் செய்தி போய்விடும் என்ற அச்சம் பலரைத் தடுக்கின்றது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 64ஏ என்றொரு பிரிவு உண்டு. போதைப் பொருளை உட்கொண்டதற்காகவோ சிறிய அளவு தொடர்பாகவோ குற்றம் சாட்டப்பட்ட அடிமைப்பட்டவர், தாமே முன்வந்து அரசு அல்லது அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் சிகிச்சை பெற்று முடித்தால், அவ்வழக்கிலிருந்து விலக்குப் பெற அது வழி செய்கின்றது. நோயாளியின் செய்திகளை இரகசியமாகக் காக்க வேண்டிய கடமையை 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டமும் வலியுறுத்துகின்றது. 14446 என்பது போதை மீட்புக்கான தேசியத் தொலைபேசி எண். 14416 என்பது 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் மனநல உதவி எண். தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனம் என்ற போதை மீட்பு மருத்துவமனை தோன்றிய வரலாறு இங்கு நினைக்கத்தக்கது. பெரும் தொழில் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட சாந்தி ரங்கநாதன் அவர்களின் கணவர் குடிநோயால் 1979-இல் மறைந்தார். செல்வம் இருந்தும், அந்நாளில் இந்நோய்க்கென்று சிகிச்சை பெற நம் ஊரில் ஓர் இடம் இல்லை. இளம் விதவையான அவர் அமெரிக்கா சென்று பயிற்சி பெற்றுத் திரும்பி, 1980-இல் அம்மருத்துவமனையைக் கணவர் பெயரால் நிறுவினார். 1992-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அங்கு நோயாளியோடு குடும்பத்தாரையும் அழைத்து வைத்துப் பேசுவது சிகிச்சையின் ஒரு பகுதி. கஞ்சாவைப் பொறுத்தவரை இதுவே முதன்மையான மருத்துவம் எனலாம். ஏனெனில் கஞ்சா அடிமைத்தனத்தை நீக்குவதற்கென்றே ஏற்கப்பட்ட மாத்திரை இன்றுவரை இல்லை. ஆலோசனையும் துணையும்தான் உள்ளன.

துணை என்று எழுதும்போதுதான் பேனா தயங்குகின்றது. உலகில் ஆறில் ஒருவர் தனிமையால் வாடுவதாக உலக சுகாதார நிறுவனத்தின் ஆணையம் 2025-இல் அறிவித்தது. நம் முஹல்லாவில் ஆண்களுக்கு ஐந்து வேளையும் கூடும் இடம் உண்டு. தொழுகை முடிந்து திண்ணையில் அமர்ந்து அரை மணி நேரம் பேசிவிட்டுத்தான் கலைகின்றார்கள். பெண்களுக்கு? திருமணமும் மையித்தும்தான். புதுக்கோட்டையில் தாவூது ஷரீஃபா கானம் 2000-ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில் முஸ்லிம் பெண்கள் ஜமாஅத் ஒன்றைத் தொடங்கியபோது சமுதாயத்தில் பெரும் சர்ச்சை எழுந்தது. அவருடைய கருத்துகள் எல்லாவற்றையும் ஏற்காதவர்கள்கூட, பெண்கள் தம் துயரைச் சொல்லக் கூடுவதற்கு ஓர் இடமில்லை என்று அவர் சுட்டியதை மறுக்க இயலாது. சர்ச்சை இல்லாத வழியும் இருக்கின்றது. பெண்கள் மதரஸா நடக்கும் கூடத்தை வாரம் ஒரு நாள் அஸருக்குப் பின் நாற்பது வயதுக்கு மேற்பட்ட தாய்மார்களுக்குத் திறந்து விடலாம். ஓதுவதும் பேசுவதுமாக ஒரு மணி நேரம் போகும். நிர்வாகிகளுக்கு இதனால் செலவு ஒரு கெட்டில் தேநீர்தான்.

வெளிநாட்டிலிருக்கும் கணவன்மார்கள் பணம் வந்ததா, பிள்ளை படிக்கின்றானா என்ற இரண்டு கேள்வியோடு தொலைபேசியை வைத்துவிடாமல், "இரவு உறங்கினாயா?" என்று மூன்றாவதாக ஒன்று கேட்கலாம். கஞ்சாப் பழக்கம் தெரிய வந்தால், பிள்ளைகள் முன்னிலையில் விசாரணை நடத்துவதும், ஊருக்கு அஞ்சித் தாய்வீட்டுக்கு அனுப்புவதும் அவரை மீண்டும் அதே புகையிடம் தள்ளும்.

மருத்துவரிடம் செல்லும் சகோதரி ஒன்றை மட்டும் மறக்கலாகாது. மகளிர் மருத்துவர் கஞ்சாவைப் பற்றிக் கேட்கமாட்டார். மனநல மருத்துவர் மாதவிடாயைப் பற்றிக் கேட்காமல் விடக்கூடும். இருவரிடமும் இரண்டையும் தாமே சொல்ல வேண்டும். சொல்ல நா எழவில்லையானால், எத்தனை ஆண்டாகப் பழக்கம், ஒரு நாளைக்கு எத்தனை முறை, கடைசியாக உதிரம் கண்ட மாதம் எது, வேறு என்னென்ன மாத்திரைகள் என்று நான்கு வரியை ஒரு தாளில் எழுதி, மருத்துவர் மேசைமீது வைத்தால் போதும்.